டிவியில் அரை மணி நேரம்: வேட்பாளருக்காக ஆதரவாளர்களே எடுக்கும் நீள விளம்பரம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கத் தேர்தலில் பல வருஷமாக நடந்துவரும் ஒரு விஷயம் இது. வேட்பாளர் கேட்டிருக்க மாட்டார், கட்சியும் சொல்லியிருக்காது. ஊரில் நாலு பேர் கூடி, கைக்காசு போட்டு, டிவியில் அரை மணி நேரத்தை விலைக்கு வாங்கி, தங்களுக்குப் பிடித்தவருக்காகப் பேசுவார்கள். அங்கே குடியேறிய நம் ஆட்கள் இப்போது பள்ளிக் குழுத் தேர்தலிலிருந்து காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தேர்தல் வரை இறங்கி வேலை செய்கிறார்கள். அவர்களில் சிலர் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டதால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் ஜனாதிபதி, செனட், பிரதிநிதிகள் சபைத் தேர்தல்களுக்குப் பொருந்தும். கவர்னர், மேயர் தேர்தல்களில் பணத்துக்கான விதிகளை அந்தந்த மாநிலமும் ஊரும் வகுக்கின்றன. நான் வக்கீல் இல்லை. பணம் கைமாறுவதற்கு முன் தேர்தல் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரைக் கட்டாயம் பாருங்கள்.

நீள விளம்பரம் என்றால் என்ன? எவ்வளவு நீளம்?

நம் ஊர் சேனல்களில் காலை நேரத்தில் சித்த வைத்தியரோ ராசிக்கல் நிபுணரோ அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவார் இல்லையா? அந்த நேரம் சேனலுடையது இல்லை, அவர் காசு கொடுத்து வாங்கியது. அதே ஏற்பாட்டில் வைத்தியருக்குப் பதில் ஒரு வேட்பாளரை வைத்தால் அதுதான் அரசியல் நீள விளம்பரம்.

அமெரிக்காவில் அரை மணி நேர ஸ்லாட் என்று சொல்வார்கள். கையில் கிடைப்பது வழக்கமாக 28 நிமிடம் 30 விநாடி. மிச்சத்தைச் சேனல் தன் சொந்த அறிவிப்புக்கும் மற்ற விளம்பரத்துக்கும் வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் வாங்கியவர்களும் உண்டு. 2008 பிப்ரவரி 4 அன்று ஹிலாரி கிளிண்டன் ஹால்மார்க் சேனலில் ஒரு மணி நேரம் வாங்கி மக்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்.

இது எப்போது ஆரம்பித்தது?

டிவி வந்த காலத்திலேயே. சொல்லப்போனால் ஆரம்பத்தில் அரை மணி நேரம்தான் வழக்கமாக இருந்தது, 20 விநாடி விளம்பரம்தான் புதுசு. 1952இல் ஐசன்ஹோவர் தரப்பு சின்னச் சின்ன விளம்பரங்களை இறக்கியபோது, சோப்பு விற்பதுபோல ஜனாதிபதியை விற்கிறார்கள் என்று பலர் முகம் சுளித்தார்கள். அதே வருஷம் செப்டம்பர் 23 அன்று துணை ஜனாதிபதி வேட்பாளர் ரிச்சர்ட் நிக்சன், தன் மேல் வந்த பணக் குற்றச்சாட்டுக்கு டிவியில் அரை மணி நேரம் பதில் சொன்னார். நேரத்துக்கான 75,000 டாலரைக் கட்சி கொடுத்தது. சுமார் 6 கோடிப் பேர் பார்த்தார்கள். மகள்களுக்குப் பரிசாக வந்த செக்கர்ஸ் என்ற நாய்க்குட்டியை மட்டும் திருப்பித் தரமாட்டோம் என்று அவர் சொன்னது ஊரெல்லாம் பேச்சானது. தான் போட்டியில் நீடிக்கலாமா வேண்டாமா என்று கட்சிக்கு எழுதும்படி கேட்டார். தந்திகள் மலையாகக் குவிந்தன.

ஆனால் அது கட்சிப் பணம். நம் கேள்வி ஆதரவாளர்களைப் பற்றியது என்பதால் 1964க்கு வருகிறேன்.

ஆதரவாளர்களே வாங்கியதில் எதை முக்கியமாகச் சொல்வீர்கள்?

1964 அக்டோபர் 27. குடியரசுக் கட்சி வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர். எதிரே ஜனாதிபதி லிண்டன் ஜான்சன். தேர்தலுக்குச் சரியாக ஒரு வாரம் இருக்கிறது, கோல்ட்வாட்டர் தோற்கப்போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன் லாஸ் ஏஞ்சலிஸில் நிதி திரட்டும் விருந்து ஒன்று நடந்தது. அங்கே பேசியவர் ஒரு நடிகர், ரொனால்ட் ரீகன். சினிமா வாய்ப்பு குறைந்த பிறகு ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனிக்காக எட்டு வருஷம் டிவி நிகழ்ச்சி நடத்தியவர். அந்த வேலையின் ஒரு பகுதியாக ஊர் ஊராக, ஃபேக்டரி ஃபேக்டரியாகப் போய்த் தொழிலாளர்கள் முன்னால் பேசினார். வரி, அரசாங்கச் செலவு, தனிமனித சுதந்திரம் என்று கிட்டத்தட்ட ஒரே பேச்சு. சொல்லிச் சொல்லி அது மெருகேறிவிட்டது. எந்த வரிக்குக் கூட்டம் சிரிக்கும், எந்த வரிக்கு அமைதியாகும் என்பது அவருக்கு அத்துப்படி.

விருந்தில் அதைக் கேட்ட கலிஃபோர்னியா ஆதரவாளர்கள் சிலர் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். கார் டீலர் ஹோம்ஸ் டட்டில் அவர்களில் முக்கியமானவர். இதையே டிவியில் பேசுங்கள், நேரத்துக்கான பணத்தை நாங்கள் திரட்டுகிறோம் என்றார்கள். கோல்ட்வாட்டரின் பிரச்சார அலுவலகம் இதை விரும்பவில்லை. முதியோர் ஓய்வூதியத் திட்டத்தைப் பற்றி ரீகன் சொல்வது ஓட்டைக் கெடுக்கும் என்று பயந்தார்கள். ஒளிபரப்புக்குச் சில நாள் முன்னால் கோல்ட்வாட்டரே ரீகனுக்குப் போன் செய்து தயங்கினாராம். ஒரு தடவை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்றார் ரீகன். கேட்டார். இதில் என்ன தப்பு என்று தன் ஆட்களையே திருப்பிக் கேட்டார். ரீகன் பின்னாளில் சொன்ன விவரம் இது.

அந்த ஒளிபரப்பை இன்றும் இணையத்தில் பார்க்கலாம். நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அலங்காரமே கிடையாது. ஒரு மேடை, ஒரு மனிதர், எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டம். ஸ்பான்சர் யார் என்று அறிவித்துவிட்டார்கள், ஆனால் எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, இவை என் சொந்த வார்த்தைகள் என்று ஆரம்பிக்கிறார். அடுத்து, வாழ்நாளில் பெரும்பகுதி தான் எதிர்த்தரப்பான ஜனநாயகக் கட்சியில் இருந்தவன் என்கிறார். இரண்டே வாக்கியத்தில், பார்ப்பவர் மனதில் இருந்த இரண்டு சந்தேகங்களுக்குப் பதில் வந்துவிட்டது. அப்புறம் கணக்கு, கதை, கணக்கு, கதை என்று மாறி மாறிப் போகிறது. ஆதரவாளர்கள் எடுக்கும் விளம்பரத்துக்குப் பாடம் வேண்டுமென்றால் முதல் ஐந்து நிமிடத்தைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

அந்தப் பேச்சு பிரச்சாரத்துக்குச் சுமார் 10 லட்சம் டாலர் கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய பணம்.

கோல்ட்வாட்டர் தோற்றுவிட்டாரே? அப்புறம் என்ன பிரயோஜனம்?

படுதோல்விதான். ஜனாதிபதியைத் தீர்மானிப்பது மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் ஓட்டு; அதில் ஜான்சனுக்கு 486, கோல்ட்வாட்டருக்கு 52. ஆறே மாநிலங்கள். அரை மணி நேர விளம்பரம் தோற்கிற வேட்பாளரை ஜெயிக்கவைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் அந்தப் பணம் போட்டவர்களே கொஞ்ச நாளில் ரீகனிடம் திரும்பி வந்தார்கள், கவர்னருக்கு நில்லுங்கள் என்று. 1966இல் கலிஃபோர்னியாவில் கிட்டத்தட்ட 10 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 1980இல் ஜனாதிபதி. வேட்பாளரைப் புகழ எடுத்த விளம்பரம், பேசியவரைத் தலைவராக்கிவிட்டது. ஆதரவாளர் குழுக்கள் யாரைப் பேசவைப்பது என்பதில் இவ்வளவு யோசிக்க வேண்டியிருப்பது அதனால்தான். அமைச்சர், பெரிய மனிதர் என்று தேடுவதைவிட, அதே விஷயத்தை நூறு கூட்டத்தில் பேசிப் பழகியவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

ராஸ் பெரோ செய்ததும் இதுதானா?

பாதி. 1992 பிப்ரவரியில் டெக்ஸாஸ் தொழிலதிபர் ராஸ் பெரோ, லாரி கிங்கின் டிவி பேட்டி நிகழ்ச்சியில் ஒரு நிபந்தனை போட்டார்: 50 மாநிலத்திலும் என் பெயரை ஓட்டுச்சீட்டில் ஏற்றுங்கள், ஜனாதிபதித் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறேன். ஒவ்வொரு மாநிலத்திலும் தன்னார்வலர்கள் கடை வாசலிலும் சந்தையிலும் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். ஜூலையில் அவர் திடீரென்று விலகி அவர்களை உடையவைத்தார். அக்டோபர் 1 அன்று திரும்பி வந்தார். 50 மாநிலத்திலும் பெயர் ஏறியிருந்தது. அந்த வேலை முழுக்க ஆதரவாளர்களுடையது. ஆனால் டிவி நேரம் அவர் சொந்தப் பணம்.

அக்டோபர் 6 அன்று சிபிஎஸ் என்ற பெரிய டிவி சேனலில் முதல் அரை மணி நேரம். மேசைக்குப் பின்னால் அவர், கையில் ஒரு குச்சி, மேசைமேல் அட்டையில் அச்சடித்த வரைபடங்கள். நாட்டின் கடன் 4 லட்சம் கோடி டாலர் என்று கோட்டைக் காட்டுகிறார். அந்த அட்டையை எடுத்து வைத்துவிட்டு அடுத்ததைக் காட்டுகிறார். இசை கிடையாது, காட்சி மாற்றம் கிடையாது. விளம்பரக் கம்பெனியில் யாரைக் கேட்டாலும் இது ஓடாது என்றுதான் சொல்லியிருப்பார்கள். 1 கோடியே 60 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். நவம்பரில் 18.9 சதவீத ஓட்டு வாங்கினார், ஒரு மாநிலம்கூடக் கிடைக்கவில்லை.

ஜனங்களுக்குப் பொறுமை இல்லை, முப்பது விநாடிதான் பார்ப்பார்கள் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த அட்டைகள்தான் ஞாபகம் வரும். தங்களை விவரம் தெரிந்தவர்களாக மதித்து ஒருவர் உட்கார்ந்து விளக்கினால் மக்கள் கேட்கிறார்கள்.

ஒபாமாவின் அரை மணி நேரம் ஆதரவாளர்கள் எடுத்ததா?

இல்லை, அது முழுக்க அவருடைய பிரச்சாரக் குழுவின் வேலை. 2008 அக்டோபர் 29 இரவு, பல சேனல்களில் ஒரே நேரத்தில் ஓடியது, 3 கோடியே 30 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். கடைசியில் ஃப்ளோரிடாவில் நடந்துகொண்டிருந்த கூட்டத்துக்கு நேரலையாகப் போனது. அதற்கான பணத்தில் கணிசமான பங்கு சிறு நன்கொடையாளர்களிடமிருந்து வந்தது என்ற அளவில் மட்டும் சம்பந்தம் உண்டு.

வேட்பாளர் டிவி நேரம் கேட்பதற்கும் நாங்கள் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டா?

மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். புதிதாக இறங்குகிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

வேட்பாளருக்கு 1934ஆம் வருஷத்துத் தகவல் தொடர்புச் சட்டத்திலும் அதன் திருத்தங்களிலும் மூன்று பெரிய பாதுகாப்புகள் இருக்கின்றன. ஒன்று, ஜனாதிபதி, காங்கிரஸ் வேட்பாளர் நேரம் கேட்டால் டிவி நிலையம் நியாயமான அளவில் விற்றே ஆக வேண்டும். இரண்டு, கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலுக்கு முந்தைய 45 நாளும் பொதுத் தேர்தலுக்கு முந்தைய 60 நாளும், தன் மிகப் பெரிய விளம்பரதாரருக்கு என்ன குறைந்த விலையோ அதையே வேட்பாளருக்கும் தர வேண்டும். மூன்று, வேட்பாளர் பேசுவதில் நிலையம் கைவைக்கக் கூடாது. கைவைக்க முடியாது என்பதால் அந்தப் பேச்சுக்காக நிலையத்தின் மேல் அவதூறு வழக்கும் போட முடியாது. 1959இல் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது.

இந்த முதல் உரிமை சோதனைக்கு வந்ததே ஓர் அரை மணி நேர நிகழ்ச்சியால்தான். 1979 அக்டோபரில் அப்போதைய ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரின் பிரச்சாரக் குழு, டிசம்பர் தொடக்கத்தில் இரவு நேரத்தில் 30 நிமிடம் வேண்டும் என்று மூன்று பெரிய சேனல்களிடமும் கேட்டது. மூன்றும் மறுத்தன. இவ்வளவு சீக்கிரம் தேர்தல் விளம்பரமா, நிகழ்ச்சிகளெல்லாம் கலைந்துவிடும் என்பது காரணம். சிபிஎஸ் மட்டும் அரை மணிக்குப் பதில் ஐந்து நிமிடத் துண்டு இரண்டு தருகிறோம் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1981 ஜூலையில் 6க்கு 3 என்று கார்ட்டர் பக்கம் தீர்ந்தது. அதற்குள் அவர் தேர்தலில் தோற்று ஊருக்குப் போயிருந்தார்.

ஆதரவாளர் குழுவுக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடையாது. 1973இல் வியட்நாம் போரை எதிர்த்த வியாபாரிகள் குழு ஒன்று விளம்பர நேரம் கேட்டுப் போராடிய வழக்கில், கட்சிக்கோ குழுவுக்கோ நேரம் விற்க நிலையம் கடமைப்பட்டதில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, நிலையம் உங்களுக்கு நேரம் இல்லை என்று சொல்லலாம். விற்றால் சந்தை விலைக்கு விற்கும். உங்கள் நிகழ்ச்சியில் அவதூறு இருந்தால் வழக்கு நிலையத்தின் மேலும் வரும் என்பதால், ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் ஆதாரம் கேட்கும். கேட்கட்டும். ஆதாரக் கோப்பை ஸ்கிரிப்ட் எழுதும்போதே சேர்த்துக்கொண்டு வாருங்கள். படம் முடிந்த பிறகு தேடினால் ஒளிபரப்புத் தேதி தப்பிப்போகும்.

எவ்வளவு செலவாகும்?

ஊருக்கு ஊர், மணிக்கு மணி மாறும். சின்ன ஊர் நிலையத்தில் ஞாயிறு விடிகாலை ஒரு விலை, பெருநகரத்தில் இரவு எட்டு மணி இன்னொரு விலை. அரை மணி நேர ஸ்லாட்டுகள் பெரும்பாலும் விடிகாலையிலும் நள்ளிரவுக்கு மேலும் வார இறுதியிலும்தான் விற்பனைக்கு வரும். 1984இல் டிவி விளம்பர நேரத்துக்கான வரம்பை அரசு எடுத்துவிட்ட பிறகு, சமையல் பாத்திரம், உடற்பயிற்சிக் கருவி விற்பவர்கள் அந்த நேரங்களைப் பிடித்துவைத்திருக்கிறார்கள். அவர்களோடுதான் போட்டி.

விலையை ஊகிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒவ்வொரு டிவி நிலையமும் தேர்தல் விளம்பர விற்பனை விவரத்தை, யார் வாங்கினார்கள், எந்த நேரம், என்ன விலை என்று, மத்திய தகவல் தொடர்பு ஆணையத்தின் இணையதளத்தில் ஏற்றியாக வேண்டும். 2014 முதல் இது எல்லா நிலையத்துக்கும் பொருந்தும். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். பேரம் பேசப்போகும் முன் உங்கள் ஊர் நிலையத்தின் பக்கத்தில் ஒரு மாலைப்பொழுது உட்காருங்கள்.

நாங்கள் எவ்வளவு பணம் போடலாம்?

வேட்பாளர் கையில் கொடுத்தால் வரம்பு உண்டு. 2025–26 தேர்தல் சுற்றில் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர். வேட்பாளரிடம் கலந்து பேசாமல் நீங்களே தனியாகச் செலவு செய்தால் வரம்பே கிடையாது. 1976இல் பக்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு அது. தனி ஆளாகச் செய்தாலும் 250 டாலரைத் தாண்டினால் தேர்தல் ஆணையத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

குழுவாகச் சேர்ந்து வேட்பாளருக்காக வருஷத்தில் 1,000 டாலருக்கு மேல் வசூலித்தாலோ செலவழித்தாலோ அரசியல் குழுவாகப் பதிவு செய்ய வேண்டும். 2010க்குப் பிறகு, தனித்து மட்டுமே செலவு செய்யும் குழுக்கள், அதாவது சூப்பர் பேக் என்கிறார்களே அவை, அளவில்லாமல் வசூலிக்கலாம். அந்த மாற்றத்துக்கு வழி திறந்த வழக்கும் ஒரு நீளப் படத்தால் வந்ததுதான். ஹிலாரி கிளிண்டனை எதிர்த்து எடுத்த 90 நிமிடப் படத்தை 2008இல் கேபிளில் காட்ட நினைத்த குழு போட்ட வழக்கு அது.

இதில் எனக்கு வருத்தம் உண்டு. பத்து டாலர், இருபது டாலராகச் சேர்க்கிற குழுவுக்காகவும் திறந்த கதவுதான், ஆனால் அதில் முதலில் நுழைந்து நடுவீட்டில் உட்கார்ந்தவர்கள் கோடீஸ்வரர்கள்.

வேட்பாளரின் ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செய்யலாமா?

கூடாது. எந்த ஊரில் ஓட்டலாம், எதை அழுத்திச் சொல்லலாம் என்று அவர்கள் ஆளிடம் பேசிவிட்டுச் செய்தால், அது கூட்டுச் செயலாகி அவருக்குக் கொடுத்த நன்கொடைக் கணக்கில் வரும். 3,500 டாலர் வரம்பில் அரை மணி நேரம் எங்கே கிடைக்கும்? சூப்பர் பேக் என்றால் அந்த நன்கொடையே சட்டவிரோதம். அவருடைய விளம்பரக் கம்பெனியையே நீங்களும் அமர்த்தினால் அதுவும் வம்பில் கொண்டுபோய் விடலாம்.

அவருடைய யூடியூப் வீடியோக்களை வெட்டி ஒட்டி 28 நிமிடம் ஆக்கிவிடலாமா?

ஆசை யாருக்கும் வரும். ஆனால் பிரச்சாரக் குழு தயாரித்த வீடியோவையோ படத்தையோ எடுத்து ஓட்டினால், யாரிடமும் பேசாமலே செய்திருந்தாலும் அது நன்கொடையாகக் கணக்காகும். சொந்தக் கேமராவில், சொந்த ஊர் மனிதர்களை வைத்து எடுங்கள். படமும் நன்றாக இருக்கும்.

திரையில் என்ன போட வேண்டும்?

யார் பணம் கொடுத்தார்கள், எந்த வேட்பாளரும் இதற்கு அனுமதி தரவில்லை என்ற இரண்டும் எழுத்தில் வர வேண்டும். எழுத்தின் உயரம் திரை உயரத்தில் குறைந்தது 4 சதவீதம், குறைந்தது 4 விநாடி நிற்க வேண்டும். உள்ளடக்கத்துக்கு இன்ன குழு பொறுப்பு என்று குழுவின் பிரதிநிதி குரலிலும் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் போகும் அரசியல் நிகழ்ச்சியில் யார் பணம் என்ற அறிவிப்பு தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு தடவை வர வேண்டும். பலர் மறப்பது சப்டைட்டில். ஐந்து நிமிடத்துக்கு உட்பட்ட விளம்பரங்களுக்கு விலக்கு உண்டு, அரை மணி நேரத்துக்குக் கிடையாது. காது கேளாதவர்களுக்கான எழுத்து கட்டாயம்.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். பணம் கொடுக்கலாமா?

கூடாது, ஒரு டாலர்கூட. எச்-4, எஃப்-1 எல்லாவற்றுக்கும் இதே பதில். குடியுரிமை உள்ளவர்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் கொடுக்கலாம். விசாவில் இருப்பவர் சம்பளம் வாங்காமல் தன்னார்வலராக வேலை செய்யலாம்: கேமரா பிடிக்கலாம், எடிட் செய்யலாம், ஷூட்டிங்குக்கு வந்தவர்களுக்கு இட்லி கொண்டுவரலாம். ஆனால் குழுவின் பணத்தை எதில் செலவழிப்பது என்ற முடிவில் பங்குகொள்ளக் கூடாது. கூட்டத்தில் அந்தப் பேச்சு வரும்போது எழுந்து வெளியே போய்விடுவது நல்லது.

இன்னொன்று. "என் பணத்தை உன் பெயரில் போட்டுக்கொள்" என்று நண்பரிடம் கொடுப்பது நமக்கு உதவியாகத் தோன்றும். அங்கே அது குற்றம். விசாவில் இருப்பவருக்கு அதன் விளைவு அபராதத்தோடு நிற்காமலும் போகலாம்.

எங்கள் தமிழ்ச் சங்கம் ஸ்பான்சர் செய்யலாமா?

பெரும்பாலான தமிழ்ச் சங்கங்கள் வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளைகளாகப் பதிவானவை. அவை எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது, மீறினால் வரிவிலக்கே போய்விடும். பொங்கல் விழா மேடையில் வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்பது, சங்கத்தின் மின்னஞ்சல் பட்டியலை எடுத்து நிதி கேட்பது எல்லாம் இதில் வரும். பல வருஷமாகக் கட்டிய சங்கம் அது. தேர்தல் வேலைக்குத் தனிக் குழு, தனி வங்கிக் கணக்கு, தனி வாட்ஸப் குரூப் வையுங்கள்.

ஆர்வத்தில் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டால்?

வேட்பாளர் தலையில் விடியும். 2012 ஜனவரியில், குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராவதற்குப் போட்டியிட்ட நியூட் கிங்ரிச்சை ஆதரித்த ஒரு சூப்பர் பேக், அவருடைய போட்டியாளர் மிட் ராம்னியின் கம்பெனி வேலைகளைத் தாக்கி அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான படத்தை வெளியிட்டது. பணம் பெரும்பாலும் ஒரு சூதாட்ட விடுதி அதிபர் கொடுத்தது. படத்தில் பல தகவல்கள் தப்பு என்று பத்திரிகைகள் பிரித்துப்போட்டன. கடைசியில் கிங்ரிச்சே, தப்பைத் திருத்துங்கள் அல்லது படத்தை எடுத்துவிடுங்கள் என்று பொதுவில் கேட்க வேண்டியதாயிற்று. நீங்கள் நேசிக்கிற மனிதரை அந்த நிலைக்குக் கொண்டுபோகாதீர்கள். தெரியாத ஒரு வரியை எடுத்துவிட்டால் படம் ஒன்றும் குறைந்துபோகாது.

ரான் பால் ஆதரவாளர்களை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்களே?

காட்ட வேண்டியவர்கள்தான். 2007இல், குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராவதற்குப் போட்டியிட்ட டெக்ஸாஸ் காங்கிரஸ் உறுப்பினர் ரான் பாலை டிவி சேனல்கள் கிட்டத்தட்டக் கண்டுகொள்ளவில்லை. ஆதரவாளர்கள் தாங்களே தேதி குறித்து, ஒரே நாளில் எல்லோரும் நன்கொடை கொடுப்போம் என்று இணையத்தில் பரப்பினார்கள். நவம்பர் 5 அன்று 40 லட்சம் டாலருக்கு மேல், டிசம்பர் 16 அன்று சுமார் 60 லட்சம். அன்றைய வரம்பு 2,300 டாலர். அதைக் கொடுத்து முடித்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. நெடுஞ்சாலையில் போர்டு வைத்தார்கள், பத்திரிகையில் முழுப் பக்கம் வாங்கினார்கள், அவர் பெயரைக் கூகுளில் தேடுங்கள் என்று எழுதிய ஆகாயக் கப்பலைப் பறக்கவிட்டார்கள்.

உட்கட்சித் தேர்தல் வந்தபோது அயோவாவில் 10 சதவீதம், ஐந்தாம் இடம். நியூ ஹாம்ப்ஷயரில் 8 சதவீதம், அங்கும் ஐந்து. கப்பலைப் பார்த்தவர்கள் பெயரைத் தெரிந்துகொண்டார்கள். ஆனால் அவர் வைத்த வாதங்கள், நாணயம், மத்திய வங்கி, வெளிநாட்டுப் போர், ஒரு பெயர்ப் பலகையில் அடங்குபவை இல்லை. உட்கார்ந்து கேட்க வேண்டியவை. வானத்தில் போன பணத்தில் பாதி, அந்த இரண்டு மாநிலங்களின் உள்ளூர் நிலையங்களில் அரை மணி நேரமாகப் போயிருக்கலாம் என்பது என் எண்ணம். ஜெயித்திருப்பார் என்று சொல்லவில்லை. விளக்க வேண்டிய வேட்பாளருக்கு விளக்குகிற ஊடகம் வேண்டும் என்கிறேன்.

அப்படியானால் எல்லா வேட்பாளருக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. எல்லோருக்கும் தெரிந்தவர், சொல்ல வேண்டியது ஒரு வரிதான் என்றால் 30 விநாடி போதும். யாரும் கேள்விப்படாதவர், அல்லது தப்பாகக் கேள்விப்பட்டவர், அல்லது கணக்குப் போட்டுக் காட்ட வேண்டிய கொள்கை உடையவர், இவர்களுக்குத்தான் அரை மணி நேரம்.

யூடியூப் இருக்கும்போது டிவி எதற்கு?

செலவே இல்லாமல் யூடியூபில் போடலாம், போடவும் வேண்டும். ஆனால் அங்கே தேடி வருபவர் பெரும்பாலும் ஏற்கெனவே நம் பக்கம் இருப்பவர். ஞாயிறு காலை காப்பியோடு சேனல் மாற்றும்போது தற்செயலாக நின்று பார்க்கிற எழுபது வயதுப் பாட்டியை யூடியூபில் பிடிப்பது கஷ்டம். அவர் தவறாமல் ஓட்டுப் போடுகிறவர்.

இந்தியாவில் இப்படிச் செய்யலாமா?

வேட்பாளரின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் அவருக்காக விளம்பரச் செலவு செய்வது இங்கே குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 171எச் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது. பழைய பிரிவில், அனுமதியில்லாத செலவு 10 ரூபாய்க்குள் இருந்தால் பத்து நாளுக்குள் வேட்பாளரிடம் எழுதி வாங்கித் தப்பிக்கலாம் என்று ஒரு சலுகை இருந்தது. அனுமதி வாங்கிச் செய்தால் அவருடைய செலவு வரம்பில் சேரும். அதோடு, டிவி விளம்பரம் எதுவானாலும் தேர்தல் ஆணையத்தின் ஊடகச் சான்றிதழ்க் குழு முன்கூட்டியே பார்த்துச் சான்று தர வேண்டும்.

எங்கள் குழு இப்போதுதான் கூடியிருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பணம் வசூலிக்கும் முன் ஸ்கிரிப்ட் எழுதுங்கள். எழுதியதை வேட்பாளரைப் பிடிக்காத ஓர் உறவினரிடமோ நண்பரிடமோ சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் குறுக்கே பேசுகிறாரோ அங்கே உங்கள் ஆதாரம் போதவில்லை. எந்த இடத்தில் போனை எடுத்துப் பார்க்கிறாரோ அங்கே வெட்டுங்கள். 28 நிமிடம் அவர் உட்கார்ந்திருந்தால் நிலையத்துக்குப் போன் செய்து ஸ்லாட் கேளுங்கள். அதற்கு முந்தைய நாளே ஒளிபரப்பின் கடைசியில் காட்டப்போகிற தொலைபேசி எண்ணை வாங்கிவிடுங்கள், அன்று அந்தப் போனை எடுக்க இரண்டு பேரை எழுதிவையுங்கள்.